மாமாக்கள் கொண்டுவந்த பலகை

பிரான்சின் தென்மேற்கு மூலையில், ஸ்பெயின் எல்லைக்குப் பக்கத்தில், அட்லாண்டிக் கரையில் பியாரிட்ஸ் என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே அலைச்சறுக்கு ஆடும் பழைய ஆட்களுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. 'தோந்தோன் சர்ஃபேர்'. தோந்தோன் என்றால் பிரெஞ்சில் மாமா. சின்னப் பிள்ளைகள் செல்லமாகக் கூப்பிடுவது. ஆக, 'சறுக்கு மாமாக்கள்'. இந்த மாமாக்களில் ஆரம்பித்து நம்ம ஊர்க் கடற்கரைக்கு வந்து சேரலாம் என்று இருக்கிறேன். கொஞ்சம் சுற்றுவழிதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1957-ல் ஹெமிங்வேயின் நாவல் ஒன்றைப் படமாக்க ஹாலிவுட்காரர்கள் பியாரிட்ஸ் பக்கம் வந்தார்கள். அதில் திரைக்கதை ஆசிரியர் பீட்டர் வியர்டெல். கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர். அலைகளைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. கலிஃபோர்னியாவிலிருந்து வந்த ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு கோத் தே பாஸ்க் என்கிற கரையில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 36. கரையில் நின்று பார்த்த உள்ளூர்க்காரர்கள் சிலருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஜார்ஜ் ஹென்னபுட், மிஷேல் பார்லான், ஜாக்கி ரோட், ஜோயல் தெ ரோஸ்னே. இவர்களில் கைவேலை தெரிந்தவர்களும் இருந்தார்கள். கடையில் போய்ப் பலகை கேட்டால் யாரிடம் இருக்கும்? பட்டறையில் தாங்களே செய்து பார்த்தார்கள். பலகை ஓடிப்போகாமல் இருக்கக் காலோடு கயிறு கட்டும் யோசனையை முதலில் செய்து பார்த்தவர்களில் ஹென்னபுட்டும் ஒருவர். 1959-ல் அங்கே ஒரு கிளப்பும் வந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் கார்லோஸ் டோக்னி என்கிற பெரு நாட்டுக்காரர். ஜோயல் தெ ரோஸ்னே மொரீஷியஸில் பிறந்தவர்; பிற்காலத்தில் பெயர்பெற்ற அறிவியல் எழுத்தாளர்.

கவனித்தீர்களா? ஒரு அமெரிக்கர், ஒரு பெருக்காரர், ஒரு மொரீஷியஸ்காரர், சில உள்ளூர்க் கைவினைஞர்கள். எல்லாரும் எங்கிருந்தோ வந்த ஒன்றை அடுத்த தலைமுறையிடம் கொடுத்தார்கள். அந்தத் தலைமுறை வளர்ந்தபோது இவர்களுக்கு வயதாகியிருந்தது. மாமா என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

அட்லாண்டிக்கின் மறுகரையிலும் கதை இப்படித்தான். 1912-ல் வர்ஜீனியா பீச்சில் ஜேம்ஸ் ஜோர்டன் என்கிற இளைஞனுக்கு ஹவாயிலிருந்து ஒரு பலகை வந்தது. ஒன்பது அடி நீளம், 110 பவுண்டு எடை. நம்ம கணக்கில் ஐம்பது கிலோ, அதாவது ஒரு அரிசி மூட்டை! கொண்டுவந்து கொடுத்தவர் அவனுடைய அங்கிள். (ஆங்கிலத்தில் மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லாருக்கும் ஒரே பெயர்தானே. நான் மாமா என்றே வைத்துக்கொள்கிறேன் :-) ) அமெரிக்கக் கிழக்குக் கரையில் அலைச்சறுக்கு தொடங்கியது எங்கள் ஊரில்தான் என்று வர்ஜீனியாக்காரர்கள் இதை வைத்துச் சொல்வார்கள். வட கரோலைனாக்காரர்களோ, அதெல்லாம் இல்லை, எங்களிடம் 1909-லேயே இருந்தது என்று சண்டைக்கு வருவார்கள். அந்தப் பஞ்சாயத்து நமக்கு வேண்டாம். நான் சொல்ல வருவது வேறு. அலைச்சறுக்கின் சரித்திரத்தைப் புரட்டினால் சங்கங்களுக்கும் போட்டிகளுக்கும் முன்னால் எப்போதும் ஒரு பெரியவர் நிற்கிறார். தானும் தண்ணீரில் இறங்கி, சின்னவனையும் கூட்டிக்கொண்டு போன ஒரு பெரியவர்.

இப்போது நம்ம குடும்பங்களைப் பாருங்கள். நியூஜெர்சியோ, ஃப்ளோரிடாவோ, இங்கிலாந்தின் கார்ன்வாலோ, போர்ச்சுகலோ, கோடை வந்தால் கடற்கரைக்கு வண்டி கட்டிக்கொண்டு போகிறோம். புளியோதரை உண்டு, தயிர்சாதம் உண்டு, பாய் உண்டு. அப்பாக்கள் பேண்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக் கணுக்கால் தண்ணீரில் நிற்பார்கள். அம்மாக்கள் பையைக் காவல் காப்பார்கள். பிள்ளைகள் பக்கத்து வெள்ளைக்காரப் பையனின் பலகையை ஏக்கமாகப் பார்ப்பார்கள். கேட்டால், "அதெல்லாம் நமக்கு ஆகாதுடா." ஊரிலிருந்து பாட்டி வேறு ஃபோனில், "ஜோசியர் தண்ணியில கண்டம்னு சொல்லியிருக்கார், ஜாக்கிரதை" என்பார்.

பயத்தை நான் கிண்டல் செய்யவில்லை. மெரினாவில் குளிக்கப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றிய செய்தி இல்லாமல் ஒரு வருடம் போனதில்லை. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு கடல் என்ற சொல்லே பல வீடுகளில் வேறு மாதிரி ஒலித்தது. அதெல்லாம் நியாயம். ஆனால் "நமக்கும் கடலுக்கும் சம்பந்தமில்லை" என்று பிள்ளைகளிடம் சொல்கிறோமே, அந்த வாக்கியம் மட்டும் வரலாற்றுப்படி தப்பு. அதைத்தான் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். பி.காம். படித்து வங்கியில் கணக்குப் பார்க்கிறவன் வேறு எதைச் செய்வான்?

எனக்கு ஊர் கோபாலபுரம். சென்னையில் இருக்கிற கோபாலபுரம் இல்லை. பொள்ளாச்சியிலிருந்து சித்தூர் வழியாகப் பாலக்காடு போகிற சாலையில், தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்குகிற இடம். தென்னை உண்டு, கணவாய்க் காற்று உண்டு, சோதனைச் சாவடி உண்டு, வரிசையில் நிற்கும் லாரிகள் உண்டு. கடல் மட்டும் கிடையாது. அப்படிப்பட்ட ஊர்க்காரன் கடலைப் பற்றி என்ன எழுதுவான் என்று கேட்கலாம். கட்டுமரம் செய்ய எடை குறைந்த, நன்றாக மிதக்கிற மரம் வேண்டும். கடற்கரை மணலில் அது வளராது. தமிழ்நாட்டுக் கரைக்கு அந்த மரம் கேரளத்திலிருந்தும் போயிற்று. மரம் ஏற்றிய லாரிகள் எல்லை தாண்டுவதைப் பார்த்தே வளர்ந்தோம். எது தீக்குச்சிக்கு, எது கதவு நிலைக்கு, எது கடலுக்கு என்று எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை. மலைக்கும் கடலுக்கும் நடுவே இப்படி ஒரு வரவு செலவு நடந்துகொண்டுதான் இருந்தது.

சரி, கட்டுமரத்துக்கு வருவோம். 1697-ல் வெளியான தன் பயண நூலில் வில்லியம் டாம்பியர் என்கிற ஆங்கிலேயர் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். சின்னதில் ஒரு ஆள்தான் உட்காரலாம், அவருடைய காலும் இடுப்பும் எந்நேரமும் தண்ணீருக்குள்தான் இருக்கும் என்கிறார். படகு என்றால் உள்ளே உட்கார வேண்டும். இதில் மேலே உட்கார்ந்து, அலையோடு அலையாகப் போக வேண்டும். அலைச்சறுக்குப் பலகைக்கும் இதற்கும் என்ன தூரம் சொல்லுங்கள்! கரை திரும்பும்போது கட்டுமரக்காரர்கள் சரியான அலைக்காகக் காத்திருந்து, அதன் முதுகில் ஏறி மணல் வரை வந்து சேர்வார்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு சிறிது நேரம் ஓய்வு கொடுக்கும். அந்த ஓய்வில் வெளியே போக வேண்டும், கூட்டத்தில் ஒன்றைப் பிடித்து உள்ளே வர வேண்டும். இன்று சர்ஃபிங் பள்ளியில் காசு வாங்கிக்கொண்டு முதல் நாள் சொல்லித்தரும் பாடம் இதுதான்.

சென்னைக்கு ஒழுங்கான துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில்தான் கரை சேர வேண்டும். ஆணி அடிக்காமல், கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த படகு அது. அலை அடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். கூடவே கட்டுமரக்காரர்கள் வருவார்கள். படகு கவிழ்ந்தால் விழுந்தவரை இழுத்துப் போடுவது அவர்கள் வேலை. மசூலாவே இறங்க முடியாத நாளில் கடிதங்களைத் தொப்பிக்குள் நனையாமல் வைத்துக் கப்பலுக்குக் கொண்டுபோனதும் அவர்கள்தான். கம்பெனியின் கவர்னரோ, புதிதாக வந்த குமாஸ்தாவோ, யாராக இருந்தாலும் அந்த அலை வரிசையைக் கடக்கிற கால் மணி நேரம் மீனவர் கையில்தான் உயிர். 1875-ல் துறைமுக வேலை ஆரம்பித்தது. 1881 புயல் அதைப் போட்டு உடைத்தது. மறுபடி கட்டி முடித்தார்கள். அந்தச் சுவர் மணலைத் தடுத்ததால்தான் தெற்கே மெரினா இவ்வளவு அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் நிலத்தைத் தின்றது. மசூலாக்காரர்களுக்கு மெல்ல வேலை போனது.

இதே காட்சி அட்லாண்டிக் கரையிலும் உண்டு என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கானாவின் கரையிலும் இயற்கைத் துறைமுகம் கிடையாது. அங்கேயும் கப்பல் தூரத்தில் நிற்கும், உள்ளூர் ஓடக்காரர்கள்தான் அலையைத் தாண்டிச் சரக்கை இறக்குவார்கள். அக்ராவுக்குப் பக்கத்தில் தேமா துறைமுகம் 1962-ல் திறக்கும்வரை அக்ராவில் அதுதான் நிலைமை. அந்தக் கரையில் பெற்றோர்கள் சின்னப் பிள்ளைகளைப் பலகையில் கட்டித் தண்ணீரில் விட்டு நீந்தப் பழக்கியதை 1640களில் அங்கிருந்த மிஷேல் ஹெம்மர்சாம் என்ற ஜெர்மானியர் எழுதிவைத்திருக்கிறார். 1830களில் அக்ராவுக்குப் போன ஜேம்ஸ் அலெக்சாண்டர் என்கிற பிரிட்டிஷ் அதிகாரி, பையன்கள் வயிற்றுக்கடியில் லேசான பலகையை வைத்துக்கொண்டு அலைக்குக் காத்திருந்து அதன் மேலேறிக் கரைக்கு வந்ததைப் பார்த்திருக்கிறார். கெவின் டாசன் என்ற வரலாற்றாசிரியர் இதையெல்லாம் தொகுத்து 2018-ல் ஒரு புத்தகமே எழுதினார். அலையில் விளையாடிய பையன்தான் பெரியவனானதும் அலையைத் தாண்டி ஓடம் விட்டான். விளையாட்டும் தொழிற்கல்வியும் அங்கே ஒன்றாகவே இருந்தன.

ஹவாய்தான் நின்று சறுக்கும் கலையை வளர்த்த தாய்வீடு. அதில் சந்தேகமில்லை. அரசர் முதல் குடிமக்கள் வரை ஆடினார்கள். பெருவில் மீனவர்கள் நாணல் கட்டி அலையில் வந்தார்கள். அக்ராவில் பலகை, சென்னையில் கட்டுமரம். ஹவாயின் கலை அரசர் பெயரோடு உலகத்துக்குத் தெரிந்தது. மற்றவர்களுடையது வேலையாக இருந்ததால் யாரும் அதைக் கலை என்று குறித்துவைக்கவில்லை. இதில் நம்ம பங்கும் உண்டு. திமில், அம்பி, பஃறி என்று சங்கப் பாடல்களில் படகுக்குப் பெயர் இருந்ததை மனப்பாடம் செய்து மார்க் வாங்கினோம். கடலில் போகிறவரை ஊருக்கு வெளியே, 'குப்பம்' என்று தனியாக வைத்தோம். ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' 2004-ல் வந்தபோதுதான் பல உள்நாட்டுத் தமிழர்களுக்குக் கட்டுமர வாழ்க்கையின் உள்பக்கம் தெரிந்தது.

அதே 2004-ன் கடைசியில் சுனாமி. நிவாரணமாக வந்த படகுகளில் பெரும்பாலானவை ஃபைபர் படகுகள். ஏற்கெனவே குறைந்துகொண்டிருந்த கட்டுமரம் அதன்பிறகு வேகமாகக் குறைந்தது. சறுக்குப் பலகையின் சரித்திரமும் இப்படித்தான்: ஹவாயில் மரம், பிறகு ஃபோமும் ஃபைபரும். இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்ததுதான் கோவளம்.

சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவன். சின்ன வயதில் உடைந்த மரத்துண்டில் அலையேறி விளையாடியவர். அதற்கு சர்ஃபிங் என்று பெயர் இருப்பது அவருக்குத் தெரியாது. 2000களின் தொடக்கத்தில் அங்கே வந்த ஜாக் ஹெப்னர் என்கிற அமெரிக்கரிடம் பலகையை இரவல் வாங்கி ஏறிப் பார்த்தார். இந்த ஹெப்னர் யார்? ஃப்ளோரிடாவில் ஜாக்சன்வில் கடற்கரையில் சிறுவயதில் அலைச்சறுக்கு ஆடியவர். இந்தியா வந்து வைணவத் துறவியானவர். 'சர்ஃபிங் சுவாமி' என்றே பெயர். 2004-ல் கர்நாடகத்து முல்கியில் ஒரு சர்ஃப் கிளப் தொடங்கினார். ஆக, வர்ஜீனியா பீச் மாமாவின் அதே அட்லாண்டிக் கரையிலிருந்து ஒரு காவி உடுத்த மாமா வந்து, நம்ம ஊர் மீனவரிடம் பலகையைக் கொடுத்திருக்கிறார். பலகை புதிதாக இருக்கலாம். அலையைப் படிக்கிற கண் மூர்த்தியிடம் பிறவியிலேயே இருந்தது.

மூர்த்தி தன் குப்பத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுத்தார். குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது, பள்ளிக்கூடம் போக வேண்டும். 2012-ல் தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு அது முறையான பள்ளியானது. 2013-ல் கோவளத்தில் சர்ஃப் விழா தொடங்கியது. கேரளத்துக் கோவளத்திலும் 2005-ல் ஒரு கிளப் வந்தது. அங்கே விதி இன்னும் சுருக்கம்: பள்ளிக்கூடம் இல்லையென்றால் அலையும் இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு டோரியன் பாஸ்கோவிட்ஸ் ஞாபகம் வந்தது. ஸ்டான்ஃபோர்டில் படித்த டாக்டர். வேலையை உதறிவிட்டு, மனைவி, ஒன்பது பிள்ளைகளோடு ஒரு சின்ன கேம்பர் வண்டியில் அலை இருக்கும் இடமெல்லாம் அலைந்தவர். 2014-ல், 93 வயதில் இறந்தார். அலைச்சறுக்குக் குடும்பம் என்றால் அமெரிக்காவில் முதலில் சொல்லும் பெயர். ஆனால் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை. 2007-ல் வந்த 'சர்ஃப்வைஸ்' ஆவணப்படத்தில் வளர்ந்த பிள்ளைகள் அந்தக் குறையை வெளிப்படையாகவே சொல்கிறார்கள். படித்த டாக்டர் பள்ளிக்கூடம் வேண்டாம் என்றார். படிக்க வாய்ப்பில்லாத இடத்திலிருந்து வந்த கோவளத்துக்காரர் பள்ளிக்கூடம் போனால்தான் பலகை என்றார். டியூஷனுக்கும் கடலுக்கும் நடுவே பிள்ளைகளை இழுக்கிற நமக்கு இரண்டாவது ஆள் சொன்னது போதும்.

பலன்? மாமல்லபுரத்துக் கமலி மூர்த்தியைப் பற்றிய 'கமலி' குறும்படம் 2020-ல் பாஃப்டா விருதுப் பரிந்துரை வரை போனது. பிறகு அலைச்சறுக்குப் போட்டிகளிலும் இந்தியாவுக்காக இறங்கினார். அவரைப் பலகையில் ஏற்றிவிட்டவர் யார் தெரியுமா? அலைச்சறுக்குக்காரரான அவருடைய மாமா! 2025 ஆகஸ்ட்டில் ஆசிய அலைச்சறுக்கு சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்திலேயே நடந்தது. கேரளத்துக் கோவளத்தில் வளர்ந்த ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். இந்தப் போட்டியில் தனிநபர் பிரிவில் இந்தியாவுக்கு அதுதான் முதல் பதக்கம். 2026 ஐச்சி-நகோயா ஆசிய விளையாட்டுப் பட்டியலிலும் அலைச்சறுக்கு முதல்முறையாகச் சேர்க்கப்பட்டது.

இனி நம்ம கடற்கரைப் பயணத்துக்கு வருவோம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நாலு விஷயம்.

லைஃப்கார்டு இருக்கிற கரைக்கே போங்கள். இங்கிலாந்தில் சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவே நீந்த வேண்டும், கறுப்பு வெள்ளைக் கட்டக் கொடிப் பக்கம் பலகைக்காரர்களுக்கு. அமெரிக்காவில் பல இடங்களில் இரட்டைச் சிவப்புக் கொடி என்றால் தண்ணீரில் கால் வைக்கவே கூடாது.

கரையிலிருந்து உள்ளே இழுக்கிற நீரோட்டத்தில் மாட்டினால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாதீர்கள். களைத்துப் போவீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, அப்புறம் திரும்புங்கள். முடியாவிட்டால் மிதந்துகொண்டு கையைத் தூக்கிக் காட்டுங்கள்.

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அமெரிக்கக் கிழக்குக் கரையில் வானம் பளிச்சென்று இருந்தாலும், எங்கோ நடுக்கடலில் சுற்றும் புயலின் அலை இங்கே வந்து இழுக்கும். வெயிலைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

முதல் பாடத்தைச் சர்ஃபிங் பள்ளியில் படியுங்கள். இடுப்பளவு தண்ணீரில், மென்மையான ஃபோம் பலகையில்தான் ஆரம்பிப்பார்கள். வயது ஒரு சாக்கு கிடையாது. 2011-ல் போர்ச்சுகலின் நசாரேயில் 78 அடி அலையில் ஏறி உலகசாதனை செய்த காரெட் மெக்னமாராவுக்கு அப்போது வயது 44. நமக்கு எழுபத்தெட்டு அடி வேண்டாம், ஏழு அங்குலம் போதும் :-)

போகிற வழியில் காரில் பிள்ளைகளிடம் ஒரு சொல்லை மட்டும் சொல்லுங்கள். அங்கே கரையோரம் பணக்காரர்கள் ஓட்டுகிற இரட்டை அடிப் பாய்மரப் படகுக்கு 'கேட்டமரன்' என்று பெயர். அது நம்ம 'கட்டுமரம்'. இங்கிலீஷ்காரனுக்குக் கொடுத்தது நம்ம மீனவர்கள். அட்லாண்டிக்கில் பிள்ளை கால் வைக்கும்போது தன் வீட்டு ஆட்களும் இதைச் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்து கால் வைக்கட்டும்.

பிறகு கரையில் பலகை வாடகைக்குக் கொடுக்கிற கடைக்குப் போங்கள். இரண்டாக எடுங்கள். ஒன்று பிள்ளைக்கு, இன்னொன்று உங்களுக்கு. பையை யாராவது பார்த்துக்கொள்வார்கள்.